மறைக்காத மாத்திரை

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தபோது மனச்சிதைவு நோய் முற்றி, மருத்துவமனைக் கட்டிலில் கைகால் கட்டப்பட்டுக் கிடந்தவர் எலின் சாக்ஸ். பின்னாளில் சட்டப் பேராசிரியரானார், கல்யாணமும் செய்துகொண்டார். 2007-இல் தன் கதையைப் புத்தகமாகவே எழுதினார். நல்ல சிகிச்சை, தன்னையும் தன் நோயையும் அறிந்த கணவரும் நண்பர்களும், அரவணைத்த வேலையிடம் என்று தான் மீண்டதற்கு மூன்று காரணங்கள் சொல்கிறார். கணவருக்கு எல்லாம் தெரியும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் வீடுகளில், “கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்” என்று நம்பி, நோயைச் சொல்லாமலே கட்டிவைக்கிறோம். மாத்திரை அட்டை பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் ஒளிகிறது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் ராத்திரி மாத்திரையை விட்டுவிடுகிறாள் அப்படிக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண். தூக்கம் கெடுகிறது, நோய் திரும்புகிறது, பழியும் அவள் தலையில் விழுகிறது. எவ்வளவு பெரிய கொடுமை இது!

மீண்டு வருகிறவர்களுக்கும் காதல் உண்டு. நிச்சயத்துக்கு முன்பே நோயின் பெயரையும் மருந்தையும் சொல்லிவிடுங்கள். விலகுகிறவர் விலகட்டும். “அடுத்த தடவை டாக்டர்கிட்ட நானும் வரட்டுமா?” என்று கேட்கிறவரோடு பேச்சைத் தொடருங்கள்.