மிச்சம் யாருக்கு?

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர்த் தையல் மிஷினுக்கும் நடுவில் நிற்கும் வேலை. சாம்பிள் அனுப்புவது, விலை பேசுவது, கப்பல் தேதி தவறினால் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது. வேலைப் பட்டியலில் எழுதாத ஒரு வேலையும் தீபாவளிக்கு முன்னால் வரும். யாருக்கு இனிப்புப் பெட்டி, யாருக்கு வெள்ளிக் குத்துவிளக்கு, யாருக்கு பாட்டில் என்று பரிசுப் பட்டியல் போடுவது.

பாட்டில் என்றால் எங்கள் முதலாளிக்கு ஒன்றே ஒன்றுதான். ஜானி வாக்கர் புளூ லேபிள். அதன் ஒரு பாட்டில் விலை, எங்கள் செக்கிங் பகுதியில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்யும் ஒரு பெண்ணின் மாதச் சம்பளத்தைவிட அதிகம். அப்போது இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. எனக்கு வேறு கணக்கு கொடுக்கப்பட்டிருந்தது.

2018 தீபாவளிக்கு ஆர்டர் குறைவு. முதலாளி கூப்பிட்டார். "ஏனம்மிணி, இந்த வருசம் புளூ லேபிள் கட்டுப்படியாகாது. ஆனா குடுத்தா அதே மரியாதை தெரியோணும். தொண்டையில எரியாம எறங்கோணும். நீதான் எதையும் தோண்டித் தோண்டி விசாரிப்பியே, நீயே ஒண்ணு சொல்லு."

வாங்கப்போவது ஓர் ஆண் மேனேஜர். குடிக்கப்போவது ஆண்கள். தேர்ந்தெடுக்கும் வேலை மட்டும் எனக்கு. நான் அதைச் சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டேன். எந்த வேலையையும் நன்றாகச் செய்துகாட்டிப் பெயர் வாங்க வேண்டும் என்றுதானே எங்களை வளர்த்திருக்கிறார்கள்.

துணியை விசாரிப்பதுபோலவே விஸ்கியையும் விசாரித்தேன். லேபிளில் வயது போட்டிருந்தால், உள்ளே கலந்திருப்பதில் மிக இளையதன் வயது அது. பன்னிரண்டு என்றால் எல்லாமே பன்னிரண்டு வருடமாவது மரப்பீப்பாயில் கிடந்தவை. புளூ லேபிளில் வயதே போடுவதில்லை. ஜானி வாக்கரிலேயே கிரீன் லேபிளுக்குப் பதினைந்து வருடம் என்று எழுதியிருக்கிறது, விலையோ புளூவின் பக்கத்திலேயே வராது. பீப்பாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போவதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். ஸ்காட்லாந்துக் குளிரில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம். பெங்களூர் வெயிலில் 10 சதவீதத்துக்கும் மேல். அதனால் நம் ஊர்ச் சரக்கு நாலைந்து வருடத்திலேயே பக்குவமாகிவிடுகிறது. பெங்களூரின் அம்ருத் சிங்கிள் மால்ட் 2004இல் முதலில் அறிமுகமானது கிளாஸ்கோவில். வெளிநாட்டுக்காரர் தலையாட்டிய பிறகுதான் நம் கடைகளுக்கு வந்தது. கோவாவின் பால் ஜான் பிரில்லியன்ஸில் புகைவாடை இல்லை, தேன்போல இறங்கும்.

இது எனக்குப் புதிய பாடமில்லை. காதர்பேட்டையில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். லண்டன் கடையில் தொங்க வேண்டிய டீ-சர்ட், லேபிள் வெட்டப்பட்டு இங்கே குவியலில் கிடக்கும். அதே நூல், அதே ஜிஎஸ்எம், அதே தையல். விலை மட்டும் வேறு. கழுத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அங்குல ரிப்பனுக்காகத்தான் மீதிப் பணம். புளூ லேபிளின் நீல ரிப்பனும் அப்படித்தான் என்று தைரியமாகவே எழுதிக் கொடுத்தேன். என் சிபாரிசு பால் ஜான்.

முதலாளி சிரித்தார். "இந்தியச் சரக்கக் குடுத்தா கையில காசில்லன்னு நெனைச்சுக்குவாங்க." இந்தியத் துணியில் வெளிநாட்டு லேபிள் தைத்தே வீடு கட்டியவர் அவர். கடைசியில் சிவாஸ் ரீகல் பதினெட்டு முடிவானது. பெட்டியில் '18' என்ற எண் பெரிதாகத் தெரியும். பெருந்தொகை மிச்சம். மீட்டிங்கில் எனக்குப் பாராட்டு.

அந்த வாரம்தான் தீபாவளி போனஸ் பேச்சு இழுத்துக்கொண்டிருந்தது. செக்கிங் பகுதியில் மூத்த அக்கா ஒருவர், சாமளாபுரம் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருபவர். பெட்டிகள் அடுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, அது எத்தனை ஆகுது?" என்று கேட்டார். சொன்னேன். பெருமை அடங்காமல், எவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்பதையும் சொன்னேன். அவர் கையில் இருந்த பீஸைத் திருப்பிப் பார்த்து, நூல் பிசிறை வெட்டிவிட்டு, நிதானமாகக் கேட்டார்: "நீ மிச்சம் புடிச்சது யாருக்குக் கண்ணு?"

எனக்குப் பதில் இல்லை. அந்தப் பணத்தைப் போனஸில் சேருங்கள், செக்கிங் பெண்களுக்கு இன்னொரு கழிப்பறை கட்டுங்கள் என்று முதலாளியிடம் நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்று தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. அவர் கொடுத்த கேள்விக்கு நல்ல பதில் கண்டுபிடித்தேன். அது சரியான கேள்விதானா என்று பார்க்கவில்லை.

அந்த அக்காவுக்கு விஸ்கியைப் பற்றி என்னைவிட அதிகம் தெரியும். "என்ற ஊட்டுக்காரருக்குச் சனிக்கிழமைச் சம்பளம் ஞாயித்துக்கிழமை இருக்காது" என்பார். அந்த வீட்டுக்கு வந்தது 180 மில்லி குவார்ட்டர். டாஸ்மாக்கில் விற்கும் மலிவுச் சரக்கில் பெரும்பகுதி கரும்பாலை மொலாசஸில் எடுத்த ஸ்பிரிட்டில் வாசனையும் நிறமும் சேர்த்தது. அதில் பீப்பாயும் இல்லை, தேவதையும் இல்லை. அங்கே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது சம்பளம்தான்.

1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003இலிருந்து சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், பல கடைகள் ஊருக்குள் நகரத் தொடங்கின. 2017 ஏப்ரலில் சாமளாபுரத்துப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஓர் உயர் போலீஸ் அதிகாரி ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தது படமாகி நாடு முழுக்கப் போனது. அந்த அறையிலிருந்து ஒன்றரை வருடத்தில், அதே மாவட்டத்தில், எரியாமல் இறங்கும் பாட்டில் எது என்று நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

இதில் எனக்கு இன்னொரு ஒப்புதலும் உண்டு. எனக்கு விஸ்கி பிடிக்கும். பெங்களூரில் ஒரு தோழி வீட்டில், கொஞ்சம் தண்ணீர் விட்டு, மெதுவாகக் குடித்தேன். நன்றாக இருந்தது. திருப்பூரில் யாருக்கும் சொன்னதில்லை. பையர் கம்பெனியிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண் விருந்தில் கிளாஸைத் தூக்கினால் எல்லோரும் எழுந்து கிளாஸ் தட்டுவார்கள். எனக்கு மாதுளை ஜூஸ் வரும். முதலாளி குடித்தால் பழக்கவழக்கம், தொழிலாளி குடித்தால் குடி, நான் குடித்தால் நடத்தை. உள்ளே இருக்கும் ஆல்கஹால் ஒன்றுதான், பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

அப்படியானால் பெண்ணும் குடித்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமா? அதை நான் நம்பவில்லை. எல்லாப் பாட்டிலும் ஒழிந்தால் சரியாகிவிடும் என்றும் நம்பவில்லை. சாமளாபுரத்துப் பெண்கள் கேட்டது அடுத்தவரின் ஒழுக்கத்தை அல்ல. எங்கள் தெருவில் என்ன வரலாம் என்று சொல்லும் உரிமையைக் கேட்டார்கள். ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்க எனக்கு உரிமை உண்டு என்று நான் சொன்னால், வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க அவர்களுக்கும் அதே உரிமை உண்டு. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒன்றை வைத்து மற்றதை அடிக்கிறவர்களைப் பற்றித்தான் நான் ஜாக்கிரதையாக இருக்கிறேன்.

மிருது என்ற சொல்லையும் இப்போது சந்தேகத்துடன்தான் பார்க்கிறேன். துணியில் மிருது எப்படி வருகிறது என்று எங்கள் ஊருக்குத் தெரியும். பயோ வாஷில் என்சைம் போட்டு, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைத் தின்னவிடுவோம், பிறகு சாஃப்ட்னர். தொட்டால் வெண்ணெய். இந்த ஊரின் சாயமும் சலவையும் ஓடிய நொய்யல் என்ன ஆனது, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை ஏன் மூடச் சொன்னது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஓரிடத்தில் பிசிறு போனால் வேறெங்கோ அது சேர்ந்திருக்கும். வீட்டிலும் அப்படித்தான். ஓர் ஆணின் மாலைப்பொழுது எரியாமல் இறங்குகிறது என்றால், அந்த எரிச்சலை யாரோ சத்தமில்லாமல் விழுங்கியிருக்கிறாள்.

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி நம் ஆடைகளுக்கு அங்கே வரி நீங்குகிறது. ஸ்காட்ச்சுக்கு இங்கே 150 சதவீத வரி 75 ஆகி, பத்து வருடத்தில் 40க்கு இறங்கும். பனியன் போகிறது, விஸ்கி வருகிறது. செய்தியைப் படித்ததும் எனக்கு அந்த அக்காதான் ஞாபகம் வந்தார். இரண்டு பக்கமும் வரி மிச்சம். யாருக்கு?

விலை குறைந்த நல்ல பாட்டிலைத் தேர்ந்தெடுத்தது தப்பில்லை. ரிப்பனுக்குக் காசு கொடுக்காதது இப்போதும் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் சாமர்த்தியம் வேறு, நியாயம் வேறு. சாமர்த்தியத்துக்குச் சம்பளம் வாங்கும் பெண்கள் நம்மில் நிறையப் பேர். கணக்கு, மனிதவளம், கொள்முதல், தணிக்கை என்று எல்லா இடத்திலும் இருக்கிறோம். மிச்சம் பிடிக்கத் தெரிந்த கைகள் நம்முடையவை. அந்த மிச்சம் எங்கே போகிறது என்று கேட்கும் வாயும் நமக்கு உண்டு என்பதை, நின்றுகொண்டே பிசிறு வெட்டும் ஒருவர்தான் எனக்குச் சொன்னார். நான் அந்தக் கம்பெனியில் இருந்தவரை அதை முதலாளியிடம் கேட்கவில்லை. இங்கே எழுதுவது அந்தக் கடனில் ஒரு சிறு தவணை.