பணிவிடை நேரத்தில் பேரப்பிள்ளைகள்



குமரி மாவட்டத்தில் ஒரு வீடு. மகனும் மருமகளும் விடியற்காலையில் வேலைக்குப் போனால், இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். மூன்று பேரப்பிள்ளைகளும் தாத்தா பாட்டியின் கையில். தாத்தா நாற்பது ஆண்டுகளாக உகப்படிப்புத் தவறாதவர். மாலையில் விளக்கேற்றி, நாமம் இட்டு, தலைப்பாகை கட்டி அவர் நின்றுவிட்டால் வீட்டில் ஒரு சத்தம் கேட்கக்கூடாது. இப்போதோ, படிப்புத் தொடங்கும்போதே பேத்திக்குத் தண்ணீர் தவிக்கும். பேரன் திருமண்ணை எடுத்துத் தன் நெற்றி போதாதென்று பூனைக்கும் நாமம் இடுவான். கைக்குழந்தை தவழ்ந்து வந்து தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் தலைப்பாகைத் துணியைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் தொழுவத்தில் கன்றுக்குட்டியின் தலையில் இருக்கிறது! ஐந்து வயதுப் பேரனின் வேலை. பெரியவர் கோபத்தில் கையை ஓங்கிவிட்டார். பிள்ளை அலறி ஓடினான். "இனி விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருத்தரும் இந்தப் பக்கம் வரப்படாது" என்று சொல்லி, அறைக் கதவைச் சாத்தினார். மூன்று நாள் படிப்பு அமைதியாக நடந்தது. பாட்டி மட்டும், "கதவைச் சாத்திக்கிட்டு யாரைக் கூப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

பாட்டி கேட்டது சின்னக் கேள்வி அல்ல. அய்யா தவத்துக்கு அழைத்தது யாரை? தனியே காட்டுக்குப் போன முனிவர்களையா? வாகைப்பதியிலும் பின்பு முட்டப்பதியிலும் துவையல் தவசு இருந்தவர்கள் எழுநூறு குடும்பங்கள் அல்லவா! கடற்கரை மணலில், கடலில் குளித்து, துணி துவைத்து, புலால் நீக்கி வாழ்ந்தார்கள். குடும்பம் என்றால் பிள்ளைகள் இல்லாமலா? எழுநூறு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கடற்கரையில் கூடினால் எத்தனை அழுகையும் சிரிப்பும் சண்டையும் இருந்திருக்கும்! அத்தனைக்கும் நடுவில்தான் தவசு நடந்தது.

அகிலத்திரட்டு ஏடு வாசிப்பிலும் கேட்டிருக்கிறோம். கன்னிமார் ஏழு பேரும் தவத்துக்குப் போக, அவர்கள் பெற்ற ஏழு பிள்ளைகளையும் வளர்த்தவள் பத்திரகாளி. பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர். இன்று எத்தனையோ வீடுகளில் அந்தப் பொறுப்பு தாத்தா பாட்டிக்கு வந்திருக்கிறது. முழங்கால் வலியோடு, பாதித் தூக்கத்தோடு அதைச் செய்கிறார்கள். அதுவும் பணிவிடைதான்.

நான்காம் நாள் பெரியவரே கதவைத் திறந்தார். பேரன் எட்டி நின்றான். கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார். "தாத்தா, அந்தத் துணியை எதுக்குத் தலையில கட்டணும்?" என்று பிள்ளை கேட்டான். நாற்பது ஆண்டுகளில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. தன் மகனுக்குக்கூட அவர் சொன்னதில்லை.

"மக்ளே, பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல இங்க திருவிதாங்கூர் ராஜா ஆட்சி. நம்ம ஆளுக தலையில துணி கட்டப்படாது. முட்டுக்குக் கீழ வேட்டி இறங்கப்படாது. அய்யாதான் எல்லாரையும் தலையில கட்டச் சொன்னாரு. நம்மளும் தலை நிமிந்து நிக்கணும்னுதான்."

"கட்டினா ராஜா அடிப்பாரா?"

"அடிப்பாங்க. அய்யாவையே பிடிச்சுக் கொண்டுபோயி சிங்காரத்தோப்புல சிறை வச்சாங்களே."

பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கன்னுக்குட்டிக்குக் கட்டினதுக்கு நீங்களும் அடிக்க வந்தீங்களே?" என்றான்.

பெரியவருக்குப் பதில் வரவில்லை. தன் தலைப்பாகையை அவிழ்த்துப் பேரன் தலையில் கட்டினார். அது கண்வரை இறங்கியது. மேலே ஏற்றிவிட்டார், மறுபடியும் இறங்கியது. பாட்டி சிரித்தார்.

அந்த ஞாயிறு எல்லோரும் நிழல்தாங்கலுக்குப் போனார்கள். பள்ளியறையில் இரு விளக்குகளுக்கு நடுவே கண்ணாடி. உள்ளே இருக்கிற அய்யாவைத் தேட, அதில் தன் முகத்தை மட்டுமே இத்தனை காலம் பார்த்து வந்தவர் அவர். அன்று கைக்குழந்தை இடுப்பில் இருந்தது. கண்ணாடியில் தெரிந்த பிள்ளையைப் பார்த்து அது கையை நீட்டிச் சிரித்தது. உச்சிப்படிப்பு தொடங்கிவிட்டிருந்தது. பெரியவர் குழந்தையை அதட்டவில்லை.

அய்யா உண்டு!