பெயரா, கேள்வியா?

முனைவர் பட்டம் முடித்த கையோடு, அடுத்த ஆய்வுப் பணிக்கு எங்கே போவது என்று யோசிப்பவர்கள் முதலில் புரட்டுவது பல்கலைக்கழகத் தரவரிசையைத்தான். அதைக் கொஞ்சம் மூடி வைக்கலாம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-இல் ஓஹையோவில் இயற்பியலில் முனைவரானவர். உயிரியல் பிடித்துப்போகவே, கலிஃபோர்னியாவில் மறுபடி மாணவராகச் சேர்ந்து அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். 1978-இல் யேலுக்குப் போனதும் அங்கே பீட்டர் மூரின் ஆய்வகம், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமை ஆராய்ந்துகொண்டிருந்ததால்தான். வேலை என்னவோ எறும்பு வேலை: ரைபோசோமின் சிறிய பாகத்திலுள்ள 21 புரதங்களை இரண்டிரண்டாக எடுத்து, கன ஹைட்ரஜன் ஏற்றி, நியூட்ரான் கற்றையில் வைத்து இடைத்தூரத்தை அளப்பது.

புள்ளலூர் மாதிரிச் சிற்றூரிலிருந்து படித்து மேலே வரும் பிள்ளைக்குப் பெரிய பெயர்தானே துணை என்று கேட்கலாம். நியாயம்தான்; சம்பளம், விசா, வீட்டுக் கடன் எல்லாம் நிஜம். ஆனால் யேல் முத்திரை இருந்தும், சுமார் 50 இடங்களுக்கு விண்ணப்பித்த ராமகிருஷ்ணனுக்கு அப்போது பேராசிரியர் வேலை அமையவில்லை. தேசிய ஆய்வுக்கூடங்களில்தான் இடம் கிடைத்தது. விடாமல் கூட வந்தது அந்த ரைபோசோம் கேள்விதான். அதற்காகவே பின்னாளில் சேர்ந்த யூட்டா பல்கலைக்கழகத்தையும் 1999-இல் விட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கேம்பிரிட்ஜ் போனார். நோபல் 2009-இல் வந்தது. விண்ணப்பிக்கும் முன், அந்த ஆய்வகத்தில் இருந்துவிட்டுப் போன இரண்டு பேருக்காவது கடிதம் எழுதுங்கள்: கிளம்பும்போது எந்தக் கேள்வியைக் கையோடு எடுத்துப்போக விட்டார்கள் என்று கேளுங்கள்.