காட்டலும் காண்டலும்

தில்லியில் நாம் வாழும் குடியிருப்பில் ஆண்டுதோறும் குளிர் தணியும் நாளில் பன்மாநிலக் கலைவிழா ஒன்று நடைபெறுவது வழக்கம். பஞ்சாபியரும் வங்காளியரும் மலையாளிகளும் மணிப்புரியரும் ஒரே பந்தலின்கீழ்க் கூடித் தத்தம் ஆடலையும் பாடலையும் உணவையும் பிறர்க்கு வழங்கும் நாள் அது. சென்ற விழாவில் நம் பிள்ளைகள் கும்மியும் கோலாட்டமும் ஆடினர். கைதட்டலால் பந்தல் அதிர்ந்தது. ஆட்டம் முடிந்த கால்மணி நேரத்திற்குள் பிள்ளைகளின் சலங்கைகளைக் கழற்றி, பொங்கல் கொணர்ந்த பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு இல்லம் திரும்பினோம். மறந்துவிட்ட கரண்டி ஒன்றைத் தேடி மீண்டும் சென்றபோதுதான் அந்தக் காட்சியைக் கண்டோம். மணிப்புரி இளைஞர் ஒருவர் ஒற்றை நரம்புடைய பெனா என்னும் கருவியை இசைத்துப் பாடிக்கொண்டிருந்தார். அவர்முன் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். அவற்றுள் பல நாம் விட்டெழுந்தவை.

இத்தகைய விழா எதற்காக? நம்மைக் காட்டுதற்கா, பிறரைக் காண்பதற்கா? இரண்டற்கும்தான் என்று மேடையில் கூறிவிடலாம். நாற்காலிகள் வேறு விடை கூறின.

காட்டும் வேட்கையை நாம் பழிக்க வரவில்லை. பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்தவர்க்கு அது இயல்பு. தெற்கிலிருந்து வந்தோர் அனைவரையும் 'மதராசி' என்ற ஒரு சொல்லில் அடக்கிய காலத்தை நம்முள் மூத்தோர் அறிவர். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பேரப்பிள்ளை பாவாடை கட்டிக் கும்மி கொட்டும்போது நம் கண் கலங்குவதில் பொய்ம்மை இல்லை. ஆயினும், மைதிலி பேசுவோரையும் கட்வாலி பேசுவோரையும் 'இந்திக்காரர்' என்று நாமும் ஒரே சொல்லால் அழைத்து வந்திருக்கிறோமே! மைதிலி 2003-ஆம் ஆண்டின் 92-ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் ஏறிய தனிமொழி என்பது நம்முள் எத்தனை பேர்க்குத் தெரியும்?

லோடிப் பண்டிகையையே எடுத்துக்கொள்வோம். போகியன்று நாம் பழையன எரிக்கும் அதே நாள்களில், சனவரி 13-ஆம் நாள் மாலை, பஞ்சாபி அண்டைவீட்டார் முற்றத்தில் தீ மூட்டுவர். முப்பது ஆண்டுகளாக அவர்கள் அளித்த வேர்க்கடலையையும் எள் மிட்டாயையும் உண்டு மகிழ்ந்தோம். அத்தீயைச் சுற்றி அவர்கள் பாடிய பாட்டின் பொருளை ஒருமுறையும் கேட்டதில்லை. அண்மையில்தான் கேட்டோம். அது துல்லா பட்டியைப் பற்றியது. அக்பர் காலத்தில் முகலாய ஆட்சியை எதிர்த்து, 1599-இல் லாகூரில் தூக்கிலிடப்பட்ட முசுலிம் வீரன் அவன். ஆதரவற்ற பெண்களைக் காத்து, தந்தைபோல் நின்று மணம் முடித்து வைத்தான் என்பது மக்கள் வழக்கு. அவன் புகழை இந்துக்களும் சீக்கியரும் இன்றும் தீவலம் வந்து பாடுகின்றனர். இவ்வளவும் நம் வாயிற்படிக்கு அப்பால் பத்தடித் தொலைவில் ஒலித்துக்கொண்டிருந்தது.

இத்தில்லியின் மெகரோலியில் 'பூல்வாலோங் கீ சைர்' எனும் பூக்காரர் விழா ஒன்று உண்டு. இரண்டாம் அக்பர் ஷாவின் காலத்தில், நாடு கடத்தப்பட்ட மகன் மீண்டால் பூப்போர்வை சார்த்துவதாக அரசி நேர்ந்துகொண்டதிலிருந்து அது தோன்றியது என்பர். 1942-இல் ஆங்கிலேயர் அதனை நிறுத்தினர். 1960-களின் தொடக்கத்தில் நேருவின் முயற்சியால் மீண்டும் தழைத்தது. குத்புதீன் பக்தியார் காக்கியின் தர்காவுக்கும் யோகமாயை கோயிலுக்கும் பூவிசிறிகளை ஏந்தி இரு சமயத்தாரும் சேர்ந்தே செல்வர். ஓராண்டு, விசிறியுடன் கோயிலுக்குள் செல்ல இயலாதுபோனமையின், தர்காவுக்குள்ளும் தாம் செல்லவில்லை என்று பகதூர் ஷா சபர் மறுத்துவிட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. நம் உள்ளத்தைத் தொட்டது இதுவே. அவ்விழாவில் எவரும் தம்மைக் காட்டிக்கொண்டு நிற்பதில்லை; பூவோடு பிறர் வாயிலுக்கு நடந்து செல்கின்றனர்.

நம் முன்னோர்க்கும் இது புதிதன்று. மணிமேகலையின் முதற்காதையில் முரசறைவோன் புகார் நகரத்து இந்திர விழாவை அறிவிக்கிறான். சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறுக என்கிறான், பகைமையும் பூசலும் விட்டு விலகுக என்றும் கூறுகிறான். இருபத்தெட்டு நாள் விழா அது. நமக்கு வாய்த்ததோ மூன்று மணி நேரம். அதிலும் பாதியில் எழுந்துவிட்டோம்.

இவ்வாண்டு விழாக்குழுக் கூட்டத்தில் நம் நிகழ்ச்சியை இறுதியில் வைக்குமாறு நாமே கேட்டோம். பிள்ளைகள் உறங்கிவிடுவர் என்று தாய்மார் சிலர் வருந்தினர். அவ்வருத்தத்திலும் நியாயம் உண்டு. முடிவில், கும்மி முன்னரே நடக்கட்டும், ஆனால் கடைசிப் பாட்டு முடியும்வரை வீட்டிற்கு ஒருவரேனும் அமர்ந்திருப்பது என்று ஒத்துக்கொண்டோம். கூட்டம் கலையும் வேளையில் அந்த மணிப்புரி இளைஞர் நம்மிடம் வந்து, சென்ற விழாவில் பிள்ளைகள் பாடிய கும்மிப் பாட்டின் பொருள் என்ன என்று வினவினார். நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டடிக்குமேல் எவர்க்கும் தெரியவில்லை. ஊருக்கு எழுதிக் கேட்டு அடுத்த வாரம் கூறுவதாக விடைகொடுத்தோம்.