சௌகரியத்தைக் கழற்றுவது

குடும்பக் காரைப் பந்தயத் தளத்துக்குத் தயார் செய்வது பெரும்பாலும் கழற்றும் வேலை. பின்சீட்டு, தரைவிரிப்பு, உதிரிச் சக்கரம் எல்லாம் போகின்றன. போவது எடைதான் என்கிறார் நண்பர். என் அபிப்பிராயத்தைக் கேட்டார். எனக்கு அப்படிப் படவில்லை. பின்சீட்டு என்பது வண்டியில் பிறருக்கென்று விடப்பட்ட இடம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஓட்டுகிறவனும் அவன் விருப்பமும்தான். இது நியாயமா என்பதே பிரச்னை.

வேகத்தைக் கண்டிக்க இதை எழுதவில்லை. மனைவி மக்களைப் பின்னால் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் பறக்கிறவனைவிடப் பந்தயத் தளத்துக்குப் போகிறவன் நேர்மையானவன். சாலையில் நம் வேகம் எதிரே வரும் சைக்கிள்காரன் மீதும் திணிக்கப்படுகிறது. தளத்தில் ஓட்டுகிறவர்கள் சம்மதித்து வந்தவர்கள். சென்னைக்கருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுபாதையில் பல வருஷங்கள் பந்தயம் நடந்தது. வீட்டு வாசலில் நிற்கிற மாதிரியான ஃபியட்டுகளும் அங்கே ஓடின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தளம் வந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். வேகத்துக்கு வேலி கட்டியது ஒரு அறச் செயல்தான்.

ஆனால் வண்டி அங்கேயே தங்கிவிடுவதில்லை. விருத்தாசலத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போய், அதே வழியாகத் திரும்பி, மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும். பந்தயத்துக்கென்றே செய்த பிரேக் பேடுகள் சூடேறிய பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். தெருமுனையில், குளிர்ந்திருக்கையில், முதல் மிதியில் தயங்கும். உச்சத்துக்குத் தயாரானது சாதாரணத்தில் தவறுகிறது. வண்டிக்கு மட்டும் பொருந்துகிற விஷயமல்ல இது, எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

சீட்டைத் திரும்ப மாட்டிவிடலாமே என்கிறார் நண்பர். மாட்டலாம். உள்ளே பற்றவைக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு அப்படியல்ல. தலைக்கவசம் அணிந்தவனை அது காக்கும். கவசமில்லாத குழந்தையின் தலை போய் மோதுவதும் அதே குழாயில்தான்.

எங்கள் ஊர் பீங்கான் ஊர். பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்கிறார்கள். சூளையில் வைக்குமுன் மண்ணை நன்றாகக் காயவிட வேண்டும்; உள்ளே ஈரம் தங்கினால் சூட்டில் ஆவியாகி வெடித்துவிடும். பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. டாட் 4 வகை, புதிதாக இருக்கையில் 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155. கொதித்தால் குமிழி. குமிழி நசுங்கும், மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. சுகமாகப் போய்வருகிற வண்டிக்குள் இந்த ஈரம் வருஷக்கணக்கில் சேர்கிறது. சௌகரியம் அதை மறைக்கிறது, சூடு காட்டிக்கொடுக்கிறது. சோதனையின் பெருமை இவ்வளவுதான் என்றாலும் சிறிதல்ல.

ஆனால் சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது. கோயம்புத்தூர் கரிவர்தன் செய்ததில் இந்தத் தெளிவு இருக்கிறது. மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்து, ஒருவர் மட்டுமே உட்காரும் ஃபார்முலா மாருதி என்ற பந்தய வண்டியைத் தனியாகவே கட்டினார். ஒரே வண்டியை இரண்டு வாழ்க்கை வாழச் சொல்லவில்லை.

தனி வண்டி நமக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே என் தீர்மானம்: பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வருகிறவளுக்கும் நன்மை தருவதை மட்டும் செய்யலாம். புது பிரேக் ஆயில், வெடிப்பில்லாத டயர், சரியான காற்று, குளிரிலும் சூட்டிலும் பிடிக்கிற பேடு. அவளிடமிருந்து பறிப்பது எதுவும் வேண்டாம். சுற்றுக்குச் சில விநாடிகள் போகும். போகட்டும். சோதனை நாம் கேட்டு வாங்கியது. அவள் கேட்கவில்லை.