கோவளம் கொட்டாரம் யாருக்குச் சொந்தம்?

கோவளத்தில் கடலை ஒட்டிய குன்றின்மேல் ஒரு பழைய மாளிகை இருக்கிறது. பத்திரங்களில் அதன் பெயர் ஹால்சியன் காசில். எங்கள் பக்கத்தில் கொட்டாரம் என்றால் போதும். காரக்கோணத்திலிருந்து காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். தொண்ணூறு வருஷத்தில் அது கைமாறிய கதையை யோசிக்கும்போதெல்லாம், மண்ணைப் பார்த்து ‘என்னுது’ என்று சொல்லும் உரிமை மனுஷனுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில்தான் போய் முட்டுகிறேன்.

1932ல் அதைக் கட்டியவர் ராம வர்மா வலிய கோயில் தம்புரான். 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ரீஜண்டாக ஆண்ட மகாராணி சேது லட்சுமி பாயின் கணவர். குடும்பத்தோடு வந்து கடல்காற்று வாங்கக் கட்டிய வீடு அது. 1964ல் கேரள அரசு அதை வாங்கி விருந்தினர் தங்கும் இடமாக்கியது. பிறகு மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகமான ஐ.டி.டி.சி. கைக்குப் போய், அசோக் ஹோட்டல் ஆனது. சார்லஸ் கொரியா என்ற பெரிய கட்டடக் கலைஞர் அந்தச் சரிவிலேயே படிப்படியாக அறைகளை இறக்கிக் கட்டினார். மலையின் உருவத்தைக் கெடுக்காமல் கட்டிய அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். 2002ல் அரசு பங்கு விற்பனையில் எம்ஃபார் நிறுவனம் வாங்கியது, 2005ல் லீலா குழுமம், 2011ல் 500 கோடி ரூபாய்க்கு ரவி பிள்ளையின் ஆர்.பி. குழுமம். இதற்கிடையே, கொட்டாரம் தனியாருக்குப் போகக்கூடாது என்று கேரள அரசு 2005ல் ஒரு சட்டமே போட்டது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2016ல் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. 2017ல் அமைச்சரவை கொட்டாரத்தை ஆர்.பி. குழுமத்திடம் ஒப்படைக்க முடிவெடுத்தது. உடைமை யாருக்கு என்று சிவில் வழக்குப் போடும் உரிமையை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டது.

இந்த வரிசையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பவர்கள் முதல் சொந்தக்காரர்களான திருவிதாங்கூர் அரச குடும்பத்தார்தான். 1750ல் மார்த்தாண்ட வர்மா தன் ராஜ்யம் முழுவதையும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமியின் காலடியில் சமர்ப்பித்தார். திருப்படிதானம் என்பார்கள். அன்று முதல் அரசர்கள் பத்மநாப தாசர்கள், அந்தக் குடும்பத்துப் பெண்கள் பத்மநாப சேவினிகள். நாடு சுவாமிக்கு, ஆள்பவன் காரியஸ்தன். நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். என்றாலும் அந்தச் சங்கல்பத்தின் முன் மரியாதையோடு நிற்கிறேன். ஒரு ராஜா தன் வாளைக் கொண்டுபோய்ச் சந்நிதியில் வைத்து, இனி எதுவும் என்னுடையதில்லை என்று சொல்வது சின்ன விஷயமா?

ஆனால் காரியஸ்தனிடம் கணக்குக் கேட்க வேண்டும். சுவாமியின் சொத்திலிருந்து நடந்த ஊட்டுப்புரைகளில் பிராமணர்களுக்கு இலவசமாக இலை விழுந்தது. அதே சுவாமியின் மண்ணில் பனையேறிய என் முன்னோர் தலைவரி கட்டினார்கள். எங்கள் பாட்டிமார் மேலுடம்பை மூடிக்கொள்ள 1859ல் ராஜ விளம்பரம் வரவேண்டியிருந்தது, அதற்குமுன் எத்தனையோ அடிதடிகள். கடவுளே உடைமைக்காரர் என்று எழுதி வைத்த நாட்டில், கோயிலைச் சுற்றிய தெருவில்கூட ஈழவரும் புலையரும் நடக்க முடியவில்லை. அதற்காக வைக்கத்தில் சத்தியாக்கிரகம் நடந்து, இதே சேது லட்சுமி பாயின் ஆட்சியில் 1925ல் சில வழிகள் திறந்தன. அதை அவர் செய்தார் என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். கடவுளின் பெயரில் பட்டயம் எழுதிவிட்டால் மட்டும் மண் எல்லாருக்கும் ஆகிவிடாது. வாசலில் யாரை நிறுத்தி வைத்தார்கள் என்பதில்தான் உடைமைக்காரன் யார் என்று தெரியும்.

எங்கள் வேதத்திலும் இதே சிக்கல் உண்டு. லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் நிலத்தை நிரந்தரமாக விற்க விடுவதில்லை. நிலம் கர்த்தருடையது, அதில் குடியிருப்பவர்கள் வந்து தங்கியவர்கள். விற்பவன் இத்தனை அறுவடை என்று கணக்குப் போட்டுத்தான் விற்கலாம்; ஐம்பதாம் வருஷம் அது பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். என் அப்பாவுக்கு இந்த அதிகாரம் மனப்பாடம். எங்களுக்கு இருந்தது கொஞ்சம் சென்ட் நிலம், அதில் மரச்சீனியும் நாலைந்து தென்னையும். வருஷா வருஷம் வில்லேஜ் ஆபீசில் கரம் தீர்த்துவிட்டு, தண்டப்பேர் எண் எழுதிய அந்த ரசீதை வேதப்புத்தகத்துக்குள் மடித்து வைப்பார். “கரம் நாம தீக்கணும் மக்கா. அனுபவம் நமக்கு, சொந்தம் கர்த்தருக்கு” என்பார். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் விளை வழியாகத் தண்ணீர் எடுக்க நடந்து போவார். அந்த வழியை அப்பா ஒருநாளும் வேலி கட்டி அடைத்ததில்லை. அவருடைய வேத வியாக்கியானம் அந்த ஒற்றையடிப் பாதைதான்.

இந்திய நீதிமன்றமும் இதற்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. இமாசலத்தில் பியாஸ் ஆற்றின் போக்கையே தன் வசதிக்குத் திருப்பிய ஒரு ஹோட்டல் வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆறு, கடற்கரை, காடு இவற்றுக்கெல்லாம் அரசு தர்மகர்த்தா மட்டுமே, தனியார் லாபத்துக்குக் கொடுக்க அதற்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. 2020 ஜூலையில் பத்மநாபசுவாமி கோயில் வழக்கில், அரச குடும்பத்துக்கு உள்ள நிர்வாகப் பொறுப்பு நிலைத்தது. சொத்து சுவாமியுடையது என்பதும் நிலைத்தது. தர்மகர்த்தா என்கிற நிலை நம் சட்டத்துக்கும் பக்திக்கும் பொதுவானது என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல் இருக்கிறது.

இந்த இடத்தில் அரசைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2005ல் சட்டம் வந்தபோது ‘நம்ம கொட்டாரம் நமக்கு’ என்ற பேச்சு சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கொட்டாரம் அரசின் கையில் இருந்த அத்தனை வருஷமும் அங்கே அறை எடுத்தது யார்? வெளிநாட்டவரும் வசதிக்காரரும். பக்கத்து விழிஞ்ஞத்தில் வள்ளம் தள்ளுகிறவனுக்கு ராஜா காலத்துக்கும் சர்க்கார் காலத்துக்கும் கம்பெனி காலத்துக்கும் அந்த வாசலில் என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்? ஆதாரத்தில் பெயர் மாறிக்கொண்டே இருந்தது, வாசல் மாறவில்லை. ‘பொதுச் சொத்து’ என்பதும் ‘சுவாமியின் சொத்து’ மாதிரியே வெறும் எழுத்தாக நின்றுபோகலாம் என்பதற்கு இந்தக் குன்று சாட்சி.

யாரும் நிரந்தரச் சொந்தக்காரர் இல்லை என்ற உண்மை, விடுதி நடத்துகிறவர்களுக்கு மற்றவர்களைவிடச் சுலபமாகப் புரிய வேண்டும். வருகிற ஒவ்வொருவரும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அந்தக் குன்றில் 1964ல் ஒருவர் சாவி கொடுத்தார், 2002ல் ஒருவர், 2005ல் ஒருவர், 2011ல் ஒருவர். இப்போது சாவி வைத்திருப்பவரும் அந்த வரிசையில்தான் நிற்கிறார். இதைச் சாபமாகச் சொல்லவில்லை. விருந்தாளி என்று தன்னை உணர்கிறவனுக்கு இன்னொரு விருந்தாளியை வாசலில் தடுத்து நிறுத்த மனம் வராது என்று நம்புகிறேன்.

ஆகவே இரண்டு தரப்புக்கும் ஒரே வேண்டுகோள். கேரள அரசு என்றைக்காவது அந்த சிவில் வழக்கைப் போடுமானால், பட்டாவை மட்டும் கேட்க வேண்டாம். ஜெயித்தால் யாரை உள்ளே விடப்போகிறோம் என்பதையும் மனுவிலேயே எழுதட்டும். கொட்டாரத்தை வைத்திருப்பவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓணத்துக்கு ஒரு நாள், கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள், பெருநாளுக்கு ஒரு நாள் என்று வருஷத்தில் மூன்று நாளாவது டிக்கெட் இல்லாமல் அந்த முற்றத்தை விழிஞ்ஞத்துக்காரர்களுக்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமத்தவர்களுக்கும் திறந்து விடுங்கள்.