வரி ரசீது இருக்குதா?

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே ஓர் ஊர். பேர் வேண்டாம். எந்த ஊரின் பேரை எழுதினாலும் பொருந்தும். காலனித் தெருவுக்கு ஒரு குடிநீர்க் குழாய் வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்த மனுவை எடுத்துக்கொண்டு அம்மா உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனாள். துணைக்கு நானும் போயிருந்தேன். அன்று விடியற்காலை அதே அலுவலகத்துக்கு முன்னால் ஓடுகிற சாக்கடையை அள்ளிப் போட்டுவிட்டு, குளித்து, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள் அம்மா.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மனுவைப் படிக்கவில்லை. "வரி ரசீது இருக்குதா?" என்றார்.

"பொறம்போக்குல குடியிருக்கோம் சார். எங்களுக்கு வரி போடலையே."

"அப்ப பட்டா வாங்கு. வரி போட்டுக் கட்டிட்டு ரசீதோட வா. வரி கட்டுறவங்களுக்கே இங்க தண்ணி பத்தலம்மா."

எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தவர்களில் ரெண்டு பேர் தலையாட்டினார்கள். அம்மா பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தெலுங்கு, ஆபீசில் தமிழ், பெங்களூர் பஸ்ஸில் கன்னடம். வீட்டுக்கு வந்த பிறகு தெலுங்கில்தான் கேட்டாள்: "இத்தனை வருசமா நான் அள்ளுனதுக்கு எவன்டா ரசீது குடுத்தான்?"

வரி கட்டுவதால்தான் ஒருவனுக்கு ஊரின் மீது உரிமை வருகிறதா? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஆமாம் என்று நினைக்கிறார். பின்னால் நின்றவர்களும் அப்படியே நினைக்கிறார்கள். நம்மில் பலர்கூட அப்படித்தான் நினைக்கிறோம். அதனால்தான் அந்த இடத்தில் நமக்குப் பேச்சு வராமல் போகிறது.

முதலில் அவர்களுடைய கணக்குப்படியே பார்ப்போம். வாடகை வீட்டில் இருப்பவரின் வாடகைக்குள் வீட்டுக்காரரின் சொத்து வரி இருக்கிறது. ரசீது வீட்டுக்காரர் பேரில், பணம் குடியிருப்பவர் கையிலிருந்து. தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு 21,000 ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பவர் உள்ளாட்சிக்குத் தொழில் வரி கட்ட வேண்டும். அதாவது மாசம் 3,500 ரூபாயைத் தாண்டினாலே வரி. சேரியிலிருந்து சிப்காட்டுக்கு ஷிப்டு போகிற பையன் இதில் தப்ப முடியாது. காண்ட்ராக்டில் குப்பை அள்ளுகிறவருக்கும் கணக்கு இதுதான். சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் போகிற வரியில் மாநிலத்துக்கு ஒரு பாகம் உண்டு. அந்த மாநில வருவாயிலிருந்துதான் நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பங்கு வருகிறது. ஆக, சேரி வரி கட்டுகிறது. ரசீதுதான் வருவதில்லை. பட்டா கொடுக்காததும் அரசு, பட்டா இல்லையென்று வரி போடாததும் அரசு, வரி கட்டவில்லையே என்று கேட்பதும் அரசு!

ஆனால் இந்தப் பதிலோடு நின்றுவிட்டால் நாம் தோற்றுப்போவோம். 'நாங்களும் வரி கட்டுகிறோம்' என்று சொல்லும்போதே, கட்டாதவனுக்கு உரிமையில்லை என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். நாளைக்கு வேலையில்லாமல் கிடக்கிறவன், கிழவி, தெருவோரம் படுக்கிறவன் எல்லாரும் நம் கையாலேயே வெளியே தள்ளப்படுவார்கள்.

இது பழைய வேலி. வெள்ளைக்காரன் காலத்தில் ஓட்டுரிமை சொத்தையும் வரியையும் வைத்துத்தான் கொடுக்கப்பட்டது. 1919இல் சவுத்பரோ குழு முன் சாட்சியம் சொன்ன அம்பேத்கர், தீண்டப்படாதோருக்கு அந்தத் தகுதியைத் தளர்த்த வேண்டும் என்று வாதாடினார். நிலம் வாங்க விடாமல், கடை வைக்க விடாமல் வைத்திருந்துவிட்டு, சொத்து இல்லையே என்று ஓட்டையும் மறுப்பது என்ன நியாயம்? வயதுவந்த எல்லாருக்கும் ஓட்டு என்று 1950இல் அரசியல் சட்டம் அந்த வேலியைப் பிடுங்கியது. பிடுங்கிய வேலியை ஆபீஸ் மேசைக்கு முன்னால் மறுபடி நட்டு வைத்திருக்கிறார்கள்.

மகாட் போராட்டத்தை நாம் குளத்துப் போராட்டம் என்றே நினைவில் வைத்திருக்கிறோம். அது ஒரு நகராட்சித் தீர்மானத்தின் கதையும்கூட. பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதோருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானித்தது. 1924இல் மகாட் நகராட்சி சவதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. அதே 1924இல் சென்னை மாகாணத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலை, பொதுக்கிணறு உரிமைக்குச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். மகாட்டில் தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானவர்களும் போய்த் தண்ணீர் குடித்தார்கள். அடித்தார்கள். குளத்தைத் 'தீட்டுக் கழித்தார்கள்'. ஆகஸ்டில் அதே நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வழக்கு முடிய 1937 ஆனது. மன்றம் கை தூக்கிக் கொடுத்தது, மன்றமே கை தூக்கிப் பிடுங்கியது. மன்றத்துக்கு முன்பே நமக்கு இருப்பதுதான் உரிமை. அதை மறுக்காமல் நடத்துவதுதான் மன்றத்தின் வேலை.

இப்போது ஓசூருக்கு வருவோம். 1970களில் சிப்காட் வந்தது. பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன். பேரூராட்சி நகராட்சியாகி, 2019இல் மாநகராட்சியானது. 45 வார்டுகள். 2022 பிப்ரவரியில் மாநகராட்சிக்கான முதல் தேர்தல். அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தது. 'வரி கட்டுவோர் தலையில் சுமை' என்று எல்லாக் கட்சியும் பேசின. சுமை உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சில் ஊர் என்றால் வீட்டுக்காரர் என்று ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா?

எந்த ஊர் பட்ஜெட்டையும் விரித்துப் பாருங்கள். வரவுப் பக்கத்தில் சொத்துள்ளவன் இருக்கிறான். எங்கம்மா செலவுப் பக்கத்தில் இருக்கிறாள். வரவாக இருப்பவனைக் கூட்ட வேண்டும், செலவாக இருப்பவளைக் குறைக்க வேண்டும். இதுதான் நிர்வாகத் திறமை என்று பேராகிவிட்டது. 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கி வெளி ஆட்களை வைத்து வேலை வாங்க வழி செய்தது. சிக்கனம் என்கிறார்கள். யாருடைய வயிற்றில் சிக்கனம்? நிரந்தரத் தொழிலாளியின் சம்பளத்துக்கும் காண்ட்ராக்ட் கூலிக்கும் உள்ள வித்தியாசம் மாசாமாசம் அந்தத் தொழிலாளி ஊருக்குக் கட்டுகிற வரி. அதற்கும் ரசீது கிடையாது.

2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தவர்களை 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. மாளிகைக்குள்ளே 2022 முதல் ஒரு தலித் பெண் மேயர். 1937இலேயே சிவசண்முகம் பிள்ளை சென்னைக்கு மேயரானார். நாற்காலி வேண்டாம் என்று சொல்லவில்லை, உயிரைக் கொடுத்து வாங்கியது. ஆனால் நாற்காலியில் ஆள் மாறியும் கணக்குப் புத்தகம் மாறவில்லை.

அதே 2025 மே மாதம், ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துப்புரவுத் தொழிலாளர்களுக்கு நிரந்தரப் பணி ஆணை கொடுத்தார்கள். வருசக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு கிடைத்தது. கர்நாடகம் புண்ணிய பூமி என்று சொல்ல வரவில்லை. அவர்களுடைய கழிவுதான் தென்பெண்ணையில் நுரையாகக் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. கேள்வி இதுதான்: அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் முடிகிற ஒன்று இந்தப் பக்கம் ஏன் முடியாது? பணமில்லை என்பது பதிலா?

'யாரும் வரி கட்டாவிட்டால் ஊர் எப்படி நடக்கும்?' என்பார்கள். கட்டத்தான் வேண்டும். இருப்பவன் இருப்பதற்கேற்பக் கட்ட வேண்டும். அது கடமை, டிக்கெட் அல்ல. கல்யாண வீட்டில் மொய் எழுதியவனுக்கு மட்டுமா இலை போடுகிறோம்? ஆனால் இந்த உவமை அவர்களுக்குப் புரியாமல் போகலாம். நம்மைக் கடைசிப் பந்திக்குக் காத்திருக்க வைத்தவர்கள்தானே!

வரவு செலவில் நம் பேர் பெறுகிற பக்கம் வருவது எப்போது தெரியுமா? சாக்கடைக் குழிக்குள் செத்தால். 2014இல் உச்ச நீதிமன்றம் ஒரு சாவுக்கு 10 லட்சம் என்றது. 2023இல் 30 லட்சம் என்றது. செத்த பிறகு எண்ணத் தெரிகிறது என்றால் உயிரோடு இருக்கும்போதும் எண்ண முடியும்.

அதைச் செய்ய வைப்பது நம் வேலை. நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அங்கே போய் உட்காருவோம். பட்ஜெட் நகலைக் கேட்போம். சேரிகளுக்கு எவ்வளவு செலவு என்று தெருவாரியாக எழுதச் சொல்வோம். காண்ட்ராக்டருக்குப் போனது எவ்வளவு, தொழிலாளி கைக்கு வந்தது எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டச் சொல்வோம். பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் 2024இல் வந்திருக்கிறது. அதன் பணம் எந்தத் தெருவுக்கு வந்தது என்று கேட்போம். மாணவத் தோழர்கள் இந்தக் கணக்குகளைப் படித்துக் காலனியில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அம்மாவுக்கு வேறு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழாய் வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் மனு அல்ல. இத்தனை வருசம் அவள் வாங்கிய கூலி, வாங்கியிருக்க வேண்டிய கூலி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மிச்சத்துக்கு ரசீது கேட்டிருக்கிறோம். கீழே கைநாட்டு வைக்கும்போது அம்மா கேட்டாள்: "படிப்பாங்களாடா?"

"இந்தத் தடவை தெருவே கூட வருதும்மா" என்றேன்.